பழைய வீட்டில் பிள்ளைகளுக்கு எந்த அறை?

பாலாவிச் சந்தியில் கற்பிட்டிப் பக்கம் திரும்பினால், தென்னந்தோட்டங்களுக்கு நடுவே வடக்கு முஸ்லிம்களின் குடியிருப்புகள் தொடங்கிவிடும். நுரைச்சோலை, ஆலங்குடா என்று போகப் போக மன்னாரின் ஒரு கிராமமோ யாழ்ப்பாணத்தின் ஒரு தெருவோ அங்கே வந்து குடியிருப்பதைக் காணலாம். பாலாவிப் பக்கத்து நாகவில்லில் இருப்பவர்கள் தங்கள் குடியிருப்பை எருக்கலம்பிட்டி என்றே அழைக்கிறார்கள். பாடசாலைக்கும் அதே பெயர்தான்.

அந்த வீடுகளைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பின்பக்கத்துச் சமையலறைதான் பெரும்பாலும் வீட்டில் மூத்தது. அரைச்சுவர் மண், முன்பு கிடுகு வேய்ந்திருந்த இடத்தில் இப்போது தகரம். அதற்கு முன்னால் சீமெந்துக் கல்லில் எழுப்பிய மண்டபம். பக்கவாட்டில், மூத்த மகளின் கலியாணத்துக்காக இறக்கிய அறை, அதற்கு மட்டும் தரையில் டைல்ஸ். முன் தூண்களின் உச்சியில் இரும்புக் கம்பிகள் துருப்பிடித்தபடி நீட்டிக்கொண்டு நிற்கும். இளைய மகளுக்கு மேல்மாடி போடுவதற்கென்று விட்டுவைத்தவை அவை. காசு வந்த போதெல்லாம் கொஞ்சம், வராதபோது சும்மா என்று முப்பது வருடத்துக்கு மேலாக வளர்ந்த வீடு.

2009இல் போர் முடிந்தபின் இந்த வீடுகளிலிருந்துதான் குடும்பங்கள் வடக்கே திரும்பத் தொடங்கின. அங்கே காத்திருப்பது இதைவிடச் சிறிய வீடு, இதைவிடப் பழைய வீடு. பல இடங்களில் அத்திவாரம் மட்டும்தான். கூடவே போக வேண்டியவர்கள், அந்த வீட்டில் ஒருநாளும் வாழ்ந்திராத பதினான்கு, பதினாறு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள். மீள்குடியேற்றத்தைப் பற்றி அறிக்கைகள் நிறைய வந்துவிட்டன. இந்தப் பிள்ளைகள் அவற்றில் ஓரிரு வரியோடு போய்விடுகிறார்கள். அவர்கள் பக்கத்திலிருந்து இந்தக் கதையைப் பார்க்க வேண்டிய நேரம் எப்போதோ வந்துவிட்டது.

1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் அத்தனை பேரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். சாவகச்சேரியில் தொடங்கியது. மன்னார்த் தீவில் சில நாட்கள் அவகாசம் கொடுத்தார்கள். யாழ்ப்பாண நகரில் ஒக்டோபர் 30ஆம் திகதி ஒலிபெருக்கியில் அறிவித்து, இரண்டு மணி நேரத்தில் போய்விட வேண்டும் என்றார்கள். கையில் கொண்டுபோக அனுமதித்த தொகை ஊருக்கு ஊர் வேறுபட்டது. எங்கும் அது சொற்பம்தான். வழிச் சோதனைகளில் பெண்களின் காதிலும் கழுத்திலும் கிடந்த நகை போனது. சுமார் 75,000 பேர் ஒரே மாதத்துக்குள் ஊரிழந்தார்கள். மன்னார்த் தீவு மக்கள் மழைக்குள் கடற்கரையில் காத்துக் கிடந்து, படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். மற்றவர்கள் வவுனியா வழியாக நடந்தும் லொறியிலும் வந்தார்கள்.

புத்தளத்து மக்கள் அன்று செய்ததை இந்த இடத்தில் சொல்லாமல் விடக்கூடாது. பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டார்கள், சோறு ஆக்கிப் போட்டார்கள், தோட்டக்காரர்கள் தென்னை மரங்களுக்கு நடுவே கொட்டில் போட இடம் கொடுத்தார்கள். ஒரு வறிய மாவட்டம் தன் கையிலிருந்ததைப் பகிர்ந்துகொண்டது. வந்தவர்கள் சில மாதங்களில் போய்விடுவார்கள் என்று இரு தரப்புமே நம்பின. மாதங்கள் வருடங்களாக நீண்டபோது கிணற்றுக்கும், கூலி வேலைக்கும், பாடசாலை இடத்துக்கும் போட்டி வந்தது, கசப்பும் வந்தது. வந்தவர்களின் பிள்ளைகள் பல இடங்களில் மாலை நேரப் பாடசாலையில் படித்தார்கள். புத்தளத்திலேயே பிறந்த பிள்ளையும் 'அகதி' என்ற பேரைக் கேட்டுத்தான் வளர்ந்தது.

முதல் தடவை வீடு சுருங்கியது அப்போதுதான். மன்னாரில் ஓட்டு வீடும் முற்றமும் கிணறும், யாழ்ப்பாணத்தில் கல்வீடும் இரும்புக் கடையும் வைத்திருந்த குடும்பங்கள், கிடுகுக் கொட்டிலில் ஒரே அறைக்குள் வந்து சேர்ந்தன. கிடுகு ஒன்றிரண்டு வருடத்தில் உக்கிவிடும். மழை வந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு விழித்திருக்க வேண்டும். அடுப்புப் பொறி பறந்தால் வரிசையே எரியும். அந்தக் கொட்டிலுக்குள் பருவமடைந்த பிள்ளைகளின் பாடுதான் பெரும்பாடு. பொது மலசலகூடத்துக்கு இருட்டில் போக வேண்டும், பொதுக் கிணற்றில் குளிக்க வேண்டும், உடுப்பு மாற்றச் சேலையால் ஒரு மறைப்பு. பிள்ளைக்குப் பாதுகாப்பு வேண்டுமே என்ற பதற்றத்தில் பல குடும்பங்கள் பதினாறு, பதினேழு வயதில் கலியாணத்தை முடித்துவைத்தன. அவர்களின் படிப்பு அதோடு நின்றது.

அன்றைக்குப் பதினான்கு வயதில் படகிறங்கிய பெண்ணுக்கு இப்போது ஐம்பதை நெருங்கும் வயது. தன் மகளையோ பேத்தியையோ கூட்டிக்கொண்டு பழைய ஊருக்குப் போவதா என்று முடிவெடுக்க வேண்டியவளும் அவளே. சின்ன இடத்தில் ஒரு குமர்ப் பிள்ளை எப்படி இருக்கும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. திரும்பிப் போகத் தயங்கும் தாய்மாரைச் 'சொகுசுக்குப் பழகிவிட்டார்கள்' என்று பேசுகிறவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது நினைத்துப் பார்க்க வேண்டும்.

புத்தளத்து வீடுகள் சும்மா எழும்பவில்லை. கற்பிட்டிக் குடாநாட்டு மணலில் வெங்காயம், மிளகாய் நட்டும் பிடுங்கியும் பெண்கள் நாட்கூலி சேர்த்தார்கள். மன்னார் தெற்கின் முசலியில் குளத்துத் தண்ணீரில் நெல் விதைத்த விவசாயிகள், மணலில் கிணறு தோண்டித் தோட்டம் செய்யப் பழகினார்கள். யாழ்ப்பாணத்து வியாபாரிகள் நடைவியாபாரத்தில் தொடங்கிக் கடைக்கு வந்தார்கள். பெண்கள் பலர் மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்களாகப் போனார்கள். கொஞ்சம் காசு சேர்ந்ததும் பத்துப் பேர்ச்சஸ் காணி வாங்கினார்கள். 2007இல் உலக வங்கியின் 3.2 கோடி டொலர் நிதியோடு புத்தளம் வீடமைப்புத் திட்டம் வந்தது. காணி உறுதி கையில் உள்ள குடும்பத்துக்குக் கட்டம் கட்டமாகப் பணம், கட்டுகிற வேலை அவரவருடையது. பல வீடுகளில் முன்மண்டபம் எழும்பியது அந்தக் காலத்தில்தான். பதினேழு வருடத்துக்குப் பிறகு மழைக்கு நனையாமல் படுத்த இரவுகள் அவை.

இரண்டே வருடத்தில் போர் முடிந்து, திரும்பிப் போகலாம் என்ற கதவும் திறந்தது. திறந்தது எல்லோருக்கும் ஒரே மாதிரி அல்ல. 2008 ஏப்ரலுக்குப் பின் இடம்பெயர்ந்தவர்கள் 'புதியவர்கள்', அதற்கு முந்தியவர்கள் 'பழையவர்கள்' என்று அரசாங்கம் இரண்டாகப் பிரித்தது. புதியவர்களுக்கு முதலிடம். வன்னியின் இறுதிப் போரிலிருந்து வெறுங்கையோடு வந்தவர்களின் தேவை அவசரமானதுதான், அதில் மறுபேச்சில்லை. ஆனால் முன்னுரிமை என்று தொடங்கியது, வடக்கு முஸ்லிம்கள் விஷயத்தில் மெல்ல மெல்ல மறதியாக மாறிவிட்டது. நல்லிணக்க ஆணைக்குழு 2011 அறிக்கையில் இவர்களுக்கென ஒரு தெளிவான கொள்கை வேண்டும் என்று எழுதிவைத்தது. அதே ஆண்டில் வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றம் பற்றிய மக்கள் ஆணைக்குழுவும் தன் நீண்ட அறிக்கையை வெளியிட்டது. அதற்கும் முன்பே, எருக்கலம்பிட்டியில் பிறந்த புவியியல் பேராசிரியர் எஸ்.எச்.ஹஸ்புல்லாஹ், இந்த மக்கள் இழந்ததை ஊர் ஊராகத் திரட்டி எழுதியிருந்தார். 2018இல் அவர் காலமானார். அவர் உழைப்புக்கு ஈடாக அரசு எதையும் செய்யவில்லை என்றே சொல்வேன்.

யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவின் பழைய வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஓடு, மரம், கதவு, யன்னல் நிலை எதுவும் மிஞ்சவில்லை. சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவரின் வெடிப்பில் ஆலங்கன்று வேரோடி, இடுப்பளவு தடித்திருக்கிறது. தரையில் சாயச் சீமெந்து இன்னும் பளபளக்கும் ஒரு மூலை. ஒழுங்கையோ கையை விரித்தால் இரு மதிலையும் தொடும் அளவு. புத்தளத்தில் வாங்கிய மூன்று கதவு அலுமாரி அந்த வாசலுக்குள் நுழையாது, கழற்றித்தான் கொண்டுபோக வேண்டும். திருத்திக் கட்டினாலும் இரண்டு அறையும் ஒரு மண்டபமும்தான் வரும், ஏனென்றால் காணியே அவ்வளவுதான்.

இதைவிடச் சிக்கலான கணக்கு உறுதியில் இருக்கிறது. யாழ்ப்பாண, மன்னார் முஸ்லிம்களிடம் மகளுக்கு வீடு கொடுத்துக் கலியாணம் செய்துவைப்பது வழமை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். 1990இல் அந்த வீடு உம்மம்மாவின் பெயரில் இருந்திருக்கும். அவருக்கு நாலு மகள்மார், அந்த நால்வருக்கும் இன்று கலியாண வயதில் மகள்மார். ஒரு குடும்பம் விட்டுவந்த வீட்டுக்கு இப்போது நாலு, ஐந்து குடும்பங்கள் உரிமையுள்ளவை. எல்லோரும் திரும்பினால் ஆளுக்கு ஓர் அறைகூடக் கிடையாது. சிலர் இந்தப் பங்கு வழக்கைத் தாங்காமல் குறைந்த விலைக்கு விற்றுவிட்டார்கள். விட்டுவந்த வீட்டில் வேறொருவர் பத்து வருடத்துக்கு மேல் குடியிருந்து ஆட்சியுரிமை கோரிய சிக்கலுக்கு, 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் ஒரு வழி செய்தது. போரால் இடம்பெயர்ந்தவர்களுக்கு எதிராக அந்தப் பத்து வருட ஆட்சியைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்றது. நல்ல சட்டம். ஆனால் ஒரு வீட்டை ஐந்தாகப் பெருக்க எந்தச் சட்டத்தாலும் ஆகாது.

மன்னார் தெற்கில் கதை வேறு. மரிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி போன்ற ஊர்களில் இருபது வருடத்தில் காடு வளர்ந்து ஊரை மூடிவிட்டது. 2012இல் அந்தப் பகுதியின் பெரும் பரப்பு வனத்துக்கென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. பிறகு 'வில்பத்துக் காட்டை அழிக்கிறார்கள்' என்ற கூக்குரல் நாடு முழுவதும் எழுந்தது. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் கல்லாறு வனப் பகுதியில் நடந்த காடழிப்பையும் குடியேற்றத்தையும் சட்டவிரோதம் என்று தீர்த்து, மீண்டும் மரம் நாட்ட உத்தரவிட்டது. காடு காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்தில்லை. ஆனால் உம்மம்மாவின் ஊர் எது, காடு எது என்று வரைபடத்தில் பிரித்துக் காட்ட வேண்டிய கடமை அரசுக்கு இருந்தது. அதை ஆட்கள் போகுமுன் செய்திருக்க வேண்டும். செய்யாததன் விலையைத் தகரக் கூரையின் கீழ்ப் பாடம் படித்த பிள்ளைகள் கொடுத்தார்கள், 'காடு அழித்தவர்களின் பிள்ளைகள்' என்ற பேரோடு.

இனி அந்தப் பிள்ளைகளிடம் வருவோம். பதினாறு வயதுக்காரனுக்குப் புத்தளம்தான் ஊர். அவனுடைய கிரிக்கெட் அணி, ரியூஷன் வகுப்பு, முதல் சைக்கிள், களப்பில் மீன்பிடிக்கப் போன கூட்டாளிமார் எல்லாம் இங்கே. வாப்பா கதை கதையாகச் சொன்ன ஊரை ஒரு பெருநாளைக்குப் போய்ப் பார்த்திருப்பான். வெயிலும் புழுதியும், பேச ஆளில்லாத தெருவும்தான் அவன் கண்டது. வாப்பாவுக்கு அங்கே ஒவ்வொரு வேப்ப மரமும் தெரியும், இவனுக்கு ஒரு மனிதரைக்கூடத் தெரியாது. 'உன் சொந்த ஊருக்குப் போகிறோம்' என்று அவனிடம் சொன்னால் அவன் காதில் விழுவது, உன் ஊரைவிட்டுப் போகிறோம் என்பதுதான்.

அந்தப் பிடிவாதத்துக்குள் நியாயம் இருக்கிறது. சாதாரண தரத்துக்கோ உயர்தரத்துக்கோ நடுவில் பாடசாலை மாறினால் பாட ஆசிரியர் கிடைப்பாரா என்பதே கேள்வி. பல்கலைக்கழக அனுமதி பெரும்பாலும் மாவட்டக் கணக்கில் நடப்பதால், எந்த மாவட்டத்தில் எத்தனை வருடம் படித்தாய் என்பதும் பின்னால் வந்து நிற்கும். யாழ்ப்பாணத்தில் ஒஸ்மானியாக் கல்லூரி மீண்டும் இயங்குகிறது, முசலியிலும் பாடசாலைகள் திறந்திருக்கின்றன. ஆனாலும் விஞ்ஞானம், கணிதம் படிக்கிற பிள்ளையைக் கொண்டுபோய் விடப் பெற்றோர் இரண்டு முறை யோசிக்கிறார்கள்.

மகளின் கணக்கு இன்னும் கூர்மையானது. தூண் உச்சியில் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறதே, அந்த மாடி அவளுக்கென்று பேசியது. புத்தளத்து வீட்டை விற்று அந்தக் காசில் வடக்கில் பழைய வீட்டைத் திருத்தினால், அவளுடைய சீதன வீடு போய்விடுகிறது. அங்கே இருக்கும் இரண்டு அறையில் அவளுக்கென்று ஒன்று ஒதுக்கினால் தம்பிமார் மண்டபத்தில், வாப்பாவும் உம்மாவும் உம்மம்மாவும் மற்ற அறையில். படிக்கிற மேசையை எங்கே போடுவது? குளியலறைக்குக் கூரை எப்போது? பெரியவர்கள் ஊர் நினைவைப் பேசிக்கொண்டிருக்கும்போது, ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை கேட்கக்கூடிய இந்தக் கேள்விகள் அற்பமாகத் தெரியலாம். அவளுக்கு வாழ்க்கை அந்த நாலு சுவருக்குள்தான் நடக்கப் போகிறது.

இதற்குக் குடும்பங்கள் கண்டுகொண்ட வழி, பிரிந்து வாழ்வது. வாப்பா வடக்கில் காணியைத் துப்புரவாக்கிக் கடையோ தோட்டமோ போடுகிறார். உம்மா பிள்ளைகளோடு புத்தளத்தில் தங்குகிறார். வயதான உம்மம்மா எந்த வீட்டில் தலை சாய்க்க ஆசைப்படுகிறாரோ அங்கே. விடுமுறைக்கு எல்லோரும் ஒன்றுகூடுவார்கள். எலுவன்குளம் வழியாக வில்பத்துக்குள்ளால் போகும் பழைய பாதை வழக்குக்குள் சிக்கியதால், பக்கத்து மாவட்டத்துக்குப் போக அநுராதபுரத்தைச் சுற்ற வேண்டியிருக்கிறது. பஸ் செலவே ஒரு மாதத்து மீன் காசு.

அரசாங்கத்தின் பதிவேட்டில் இந்த வாழ்க்கைக்கு இடமில்லை. குடும்பம் ஒன்று திரும்பியது, அல்லது திரும்பவில்லை. அவ்வளவுதான். வடக்கில் பதிந்தால் புத்தளத்தில் உலர் உணவு நின்றது, பிரதேச செயலகத்தில் பெயர் போனது. இந்திய வீடமைப்புத் திட்டத்தின் 2012இல் தொடங்கிய கட்டம் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் கொடுத்தது. அந்தப் பட்டியலில் சேர நிரந்தரமாக அங்கே குடியிருந்து காட்ட வேண்டும் என்றார்கள். குடியிருக்க வீடு வேண்டும், வீடு கிடைக்கக் குடியிருக்க வேண்டும். கிராம சேவகர் வந்து பார்க்கும் நாளில் பிள்ளைகள் பாடசாலைக்காகப் புத்தளத்தில் இருந்தால், 'இவர்கள் உண்மையில் திரும்பவில்லை' என்று குறித்துக்கொண்டு போவார். பிள்ளையின் படிப்பை நிறுத்தாததற்காக ஒரு தாய்க்கு வீடு கிடைக்காமல் போனது எந்த நியாயம்?

வாக்குரிமையிலும் இதே இரட்டை வாழ்க்கைதான். 2019 நவம்பர் 16, ஜனாதிபதித் தேர்தல் நாள் விடியற்காலை, புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கப் போன பஸ்கள் மீது தந்திரிமலைப் பக்கத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. உயிர்ச் சேதம் இல்லை. வெளியேற்றப்பட்டு 29 வருடங்களுக்குப் பிறகும் தங்கள் ஊரின் வாக்காளர்களாகவே இருக்க இத்தனை தூரம் பயணப்பட்டார்கள் என்றால், அவர்கள் வடக்கைக் கைவிட்டவர்கள் என்று எவர் சொல்ல முடியும்? அன்று இரவு பிள்ளைகள் இருந்தது புத்தளத்தில். அதனால் அவர்கள் புத்தளத்தைக் கைவிடவும் முடியாது.

உலகத்தில் இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. பொஸ்னியாவில் 1995 டேட்டன் உடன்படிக்கைக்குப் பின் சுமார் இரண்டு இலட்சம் வீடுகள் உரியவர்களிடம் திரும்பின. கிராமத்து வீட்டுக்குத் திரும்பிப் போனவர்களில் முதியவர்களே அதிகம். இளையவர்கள் படிப்பும் வேலையும் உள்ள நகரங்களில் தங்கிவிட்டார்கள். ஆனால் வீடு மீண்டும் அவர்கள் பெயருக்கு வந்தது, அதை வைத்திருப்பதா விற்பதா என்பதை அவர்களே தீர்மானித்தார்கள். ஐக்கிய நாடுகள் 1998இல் வகுத்த உள்ளக இடம்பெயர்வு வழிகாட்டிக் கோட்பாடுகளும் இதைத்தான் சொல்கின்றன: திரும்புவதும், இருக்கும் இடத்திலேயே நிலைப்பதும், வேறிடம் போவதும் அவரவர் விருப்பம். ஒன்றைத் தேர்ந்தால் மற்றதன் உரிமை போய்விடும் என்று எங்கும் எழுதப்படவில்லை.

எனவே வடக்கில் திருத்தும் வீட்டுக்கான உதவியை, புத்தளத்தில் வீடு இருக்கிறது என்று காட்டி மறுக்கக்கூடாது. அது தானமாக வந்த வீடு அல்ல, வெங்காயத் தோட்டத்துக் கூலியில் எழுந்தது. பிள்ளைகள் வேறு மாவட்டத்தில் படிப்பதை, திரும்பாததற்கு அத்தாட்சியாக எடுக்கும் வழக்கமும் நிற்க வேண்டும். வயது வந்த பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு, சுவருக்கு முன் மலசலகூடமும் குளியலறையும் கட்டப் பணம் கொடுக்க வேண்டும், மூன்றாவது அறைக்குக் குறைந்த வட்டிக் கடன் வேண்டும். பங்கு வழக்குகளைத் தீர்க்கக் காணி நடமாடும் சேவை புத்தளத்துக்கே வர வேண்டும். உரிமைக்காரர்களில் பெரும்பாலோர் இருப்பது இங்கேதான்.

பெற்றோரிடமும் ஒன்று கேட்கிறேன். சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்துப் பெறுபேறு வரும்வரை பிள்ளைக்குச் சில மாதங்கள் ஓய்வு கிடைப்பதுண்டு. லொறி பேசுவதற்கு முன், அந்த மாதங்களில் பிள்ளையைப் பழைய வீட்டில் வாப்பாவோடு தங்கவிடுங்கள். சுவரில் முளைத்த ஆலங்கன்றை அவனே வெட்டட்டும், கிணற்றை இறைக்கட்டும், பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பிள்ளைகளோடு பந்தடிக்கட்டும். எந்த அறை தனக்கு, யன்னல் எந்தப் பக்கம், மேசை எங்கே என்று மகள் கீறித் தரட்டும், மேசனிடம் அதையே கொடுங்கள். அதற்குப் பிறகும் உயர்தரத்தைப் புத்தளத்தில்தான் படிப்பேன் என்று பிள்ளை சொன்னால், இரண்டு வருடம் உம்மா இங்கே, வாப்பா அங்கே என்று இருந்து பாருங்கள். புத்தளத்து வீட்டை மட்டும் அவசரப்பட்டு விற்காதீர்கள்.